களத்தில் நிலைக்கும் ஒற்றைப் பலகைக் கணினி: தேர்வு முதல் நிறுவல் வரை

செயலி, நினைவகம், சேமிப்பகம், இணைப்பு முனைகள் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையில் அமைந்த கணினியை ஒற்றைப் பலகைக் கணினி என்கிறோம். தொழிற்கூடங்களில் அதைச் சுருக்கமாக ‘போர்டு’ என்றே அழைப்பார்கள். மேசை மேல் வைத்துச் சோதிக்கும்போது மாதக்கணக்கில் குறையின்றி ஓடிய ஒரு போர்டு, அதே மென்பொருளோடு கொதிகலன் அருகிலோ கல் சலிக்கும் இயந்திரத்தின் சட்டத்திலோ திறந்தவெளிக் கம்பத்திலோ பொருத்தப்பட்ட சில வாரங்களிலேயே தடுமாறத் தொடங்குவதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அத்தகைய இடங்களுக்கு முதன்முறையாகப் போர்டு தேர்ந்தெடுக்கப்போகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விளம்பரத் தாள்களில் ‘கடுமையான சூழலைத் தாங்கும்’ என்ற பொருளில் வரும் ‘ரக்கட்’ என்ற சொல்லுக்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் கிடையாது. எந்தத் தயாரிப்பாளரும் அதை அச்சிட்டுக்கொள்ளலாம். குளிரில் அசையாமல் ஓடும் போர்டு அதிர்வில் சில நாட்களில் விழுந்துவிடலாம். அதிர்வைத் தாங்கும் போர்டு கந்தக வாயுவில் ஒரே ஆண்டில் அரிக்கப்பட்டுவிடலாம். ஆகவே, போர்டின் விவரத்தாளைத் திறப்பதற்கு முன், அது உட்காரப்போகும் இடத்துக்கு நாமே ஒரு விவரத்தாள் எழுத வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்தத் தாளிலிருந்தே புறப்படுகின்றன.

முதற்படி: இடத்தை அளந்து எழுதுதல்

ஒரு வெப்பநிலைப் பதிவுக் கருவியை, போர்டு பொருத்தப்படவிருக்கும் அதே பெட்டியில், அதே உயரத்தில், குறைந்தது ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். அறையின் வெப்பநிலையைக் கேட்டு எழுதிக்கொள்வது போதாது. அறையில் 35 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவுகளோடு ஒரே பேனலில் இருக்கும் பெட்டியின் மேல்மூலையில் 55 டிகிரி இருப்பது சாதாரணம். மிக உயர்ந்த வெப்பநிலையோடு மிகக் குறைந்ததையும், ஒரு நாளில் எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். பற்றவைப்புகளைச் சோர்வடையச் செய்வது நிலையான வெப்பத்தைக் காட்டிலும் இந்த ஏற்ற இறக்கம்தான்.

அடுத்து மின்சாரம். எந்த வோல்ட்டேஜ், எங்கிருந்து வருகிறது, அதே வழியில் வேறு என்னென்ன இணைக்கப்பட்டுள்ளன, ஒரு நாளில் எத்தனை முறை நின்று வருகிறது என்பவற்றை எழுதுங்கள். அதன்பின் அதிர்வு, தூசியின் தன்மை, தண்ணீர் தெளிக்குமா, அருகில் அமிலமோ கந்தகமோ உப்புக்காற்றோ உண்டா, பழுது ஏற்பட்டால் ஒருவர் அங்கே சென்று சேர எவ்வளவு நேரமாகும் என்பவையும் தாளில் இடம்பெற வேண்டும். கடைசியாகச் சொன்ன கேள்வியைப் பெரும்பாலானோர் விட்டுவிடுகிறார்கள். பத்து நிமிடத்தில் கை எட்டும் போர்டுக்கும், ஏணி வைத்து ஏறவோ இயந்திரத்தை நிறுத்த அனுமதி வாங்கவோ வேண்டிய போர்டுக்கும் நாம் செலவிட வேண்டிய அக்கறை ஒன்றல்ல.

வெடிக்கும் தன்மையுள்ள வாயுவோ தூசியோ இருக்கக்கூடிய இடமானால், இந்தக் கட்டுரையோடு நிற்காதீர்கள். அத்தகைய இடங்களுக்கு ஏடெக்ஸ், ஐஇசி-இஎக்ஸ் போன்ற தனிச் சான்றிதழ் முறைகள் உள்ளன; சான்றிதழ் பெற்ற முழுச் சாதனத்தையே வாங்க வேண்டும்.

இரண்டாம் படி: வெப்பக் கணக்கைப் போட்டுப் பார்த்தல்

மின்னணுப் பாகங்களில் வணிகத் தரம் என்பது பொதுவாக 0 முதல் 70 டிகிரி வரை, தொழில்துறைத் தரம் என்பது கழித்தல் 40 முதல் 85 டிகிரி வரை. போர்டின் விவரத்தாளில் இந்த எண்களைக் கண்டதும் மகிழ்ந்துவிடாமல், அந்த வெப்பநிலை எங்கே அளக்கப்படுகிறது என்று தேடிப் படியுங்கள். சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலையா, வெப்பத்தைக் காற்றில் கலக்கும் உலோகத் துண்டான ஹீட் சிங்க்கின் மேற்பரப்பா, செயலிச் சில்லின் உட்பகுதியா என்பதைப் பொறுத்து ஒரே எண்ணுக்கு மூன்று பொருள்கள் உண்டு. ‘காற்றோட்டம் இருக்கும் நிலையில்’ என்ற அடிக்குறிப்பு இருந்தால், மூடிய பெட்டிக்குள் அந்த எண் செல்லாது. எடுத்துக்காட்டாக, ராஸ்பெர்ரி பை 4 போர்டுக்குச் சொல்லப்பட்டுள்ள எல்லை 0 முதல் 50 டிகிரி வரையிலான சுற்றுப்புறக் காற்று. அதன் செயலி 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளத் தொடங்கும். அது நின்றுபோகாது, மெதுவாகிவிடும். நேரத்துக்குப் பதில் தர வேண்டிய கட்டுப்பாட்டு நிரலுக்கு இந்த மந்தமே பெரும் பழுது.

மூடிய பெட்டிக்குள் வெப்பம் எவ்வளவு ஏறும் என்பதை ஒரு எளிய வகுத்தலால் மதிப்பிடலாம். வண்ணம் பூசிய எஃகுத் தகட்டுப் பெட்டி, உள்ளும் புறமும் விசிறி இல்லாத நிலையில், ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியாக ஒவ்வொரு டிகிரி வேறுபாட்டுக்கும் ஏறத்தாழ 5.5 வாட் வெப்பத்தை வெளியேற்றும். 300 மில்லிமீட்டர் உயரமும் 200 மில்லிமீட்டர் அகலமும் 120 மில்லிமீட்டர் ஆழமும் கொண்ட பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் மொத்தப் பரப்பு 0.24 சதுர மீட்டர். முதுகுப்புறம் சுவரோடு ஒட்டியிருப்பதால் 0.18 மட்டுமே பயன்படும். போர்டு, பவர் சப்ளை, மோடம் ஆகிய மூன்றும் சேர்ந்து 20 வாட் வெப்பம் வெளியிட்டால், 20-ஐ 5.5 மற்றும் 0.18 ஆகியவற்றின் பெருக்கல் தொகையால் வகுக்க, ஏறத்தாழ 20 டிகிரி கிடைக்கிறது. வெளியே 45 டிகிரி இருந்தால் உள்ளே சராசரியாக 65. செயலியின் சில்லு அதற்கும் மேல் இன்னும் 15, 20 டிகிரி சூடாக இருக்கும்.

வெயிலில் நிற்கும் பெட்டியானால் கணக்கு இன்னும் கடுமையாகும். நேர்வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1000 வாட் தரக்கூடியது; மேற்சொன்ன பெட்டியின் முன்முகம் கரிய நிறமாக இருந்தால் 50 வாட்டுக்கு மேல் உறிஞ்சும், வெண்மையாக இருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்குதான் உறிஞ்சும். அதில் ஒரு பகுதி வெளிக்காற்றுக்கே திரும்பிப் போனாலும், மீதி உள்ளே இறங்கத்தான் செய்யும். பெட்டிக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி விட்டு ஒரு நிழல் தகடு பொருத்துவது, விலை உயர்ந்த போர்டு வாங்குவதை விடப் பல நேரங்களில் கூடுதல் பலன் தரும்.

விசிறியை இயன்றவரை தவிர்த்துவிடுங்கள். தூசி நிறைந்த இடத்தில் முதலில் செத்துப்போகும் பாகம் அதுதான். செயலியின் வெப்பத்தை ஓர் அலுமினியக் கட்டையின் வழியாகப் பெட்டியின் சுவருக்கே கடத்திவிடும் அமைப்பே சிறந்தது. அங்கே வெப்பக் கடத்துப் பட்டை ஒரே சீராக அழுந்தியிருக்கிறதா என்பதைக் கழற்றிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். நன்றாகப் பதிந்த பட்டையில் சில்லின் நான்கு விளிம்புகளும் அச்சு குத்தியதுபோல் தெரியும். ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் திருகாணிகளைச் சமமாக முடுக்கவில்லை என்று பொருள்.

ஆயுளைப் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. மின்பகுபொருள் மின்தேக்கியின் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி குறையும்போதும் அதன் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது துறையில் பழகிய விதி. 105 டிகிரியில் 2000 மணி நேரம் என்று குறிக்கப்பட்ட மின்தேக்கி, 65 டிகிரியில் அதைப்போல் 16 மடங்கு, அதாவது 32,000 மணி நேரம் தாங்கும். கேட்பதற்குப் பெரிய எண்ணாகத் தோன்றினாலும் இடைவிடாத ஓட்டத்தில் இது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. பத்தாண்டு ஓட வேண்டிய போர்டில் பாலிமர் வகை மின்தேக்கிகளைத் தேட வேண்டியதன் காரணம் இதுவே.

மூன்றாம் படி: மின்சாரத்தைச் சீராக்குதல்

களத்தில் நான் கண்ட பழுதுகளில் பெரும்பகுதி மின்சாரத்தின் வழியாகவே வந்தது. அதனால் இந்தப் படியில் சற்று அதிக நேரம் நிற்கிறேன்.

ஒரு நீரேற்று அறையில் நாங்கள் பொருத்திய போர்டு நாளுக்கு மூன்று நான்கு முறை தானாகவே மறுதொடக்கம் ஆகிக்கொண்டிருந்தது. பதிவுக் கோப்புகளில் ஒன்றும் இல்லை. ஒரு வரி பாதியில் அறுந்திருக்கும், அடுத்த வரி புதிய தொடக்கம். போர்டை மாற்றினோம், நினைவகத்தை மாற்றினோம், மென்பொருளை மாற்றினோம். கடைசியாக, போர்டின் 24 வோல்ட் முனையிலேயே வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலாஸ்கோப்பை மாட்டி, மோட்டாரை நிறுத்தச் சொன்னோம். மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்து அறுக்கும் மின்காந்தச் சுவிட்சான கான்டாக்டர் ‘டக்’ என்று விடுபட்ட அதே கணத்தில் திரையில் 100 வோல்ட்டைத் தாண்டிய ஊசி ஒன்று எழுந்து மறைந்தது. கான்டாக்டரின் சுருள் அதே 24 வோல்ட் வழியில் இருந்தது; சுருளுக்குக் குறுக்கே எதுவும் போடப்படவில்லை. ஒரு சிறு டையோடைச் சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் மாட்டியதும் மறுதொடக்கம் அன்றோடு நின்றது. டையோடு போட்டால் கான்டாக்டர் விடுபடச் சற்றுக் கூடுதல் நேரம் எடுக்கும் என்பதால், விரைவாக விடுபட வேண்டிய பாதுகாப்புச் சுற்றுகளில் அதற்குப் பதிலாக, மின் எழுச்சியைக் குறிப்பிட்ட அளவில் அடக்கும் டிவிஎஸ் டையோடைப் பயன்படுத்த வேண்டும். மாறுமின்னோட்டச் சுருளுக்கு மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த ஸ்னப்பரோ, வோல்ட்டேஜ் எல்லை மீறும்போது அதைத் தன் வழியே கடத்திவிடும் வாரிஸ்டரோ தேவை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு நான் பின்பற்றும் ஒழுங்கைச் சொல்கிறேன். ரிலேக்களுக்கும் கான்டாக்டர்களுக்கும் ஒரு பவர் சப்ளை, போர்டுக்குத் தனியாக இன்னொன்று. போர்டின் உள்ளீடு 9 முதல் 36 வோல்ட் வரை ஏற்கும் அகன்ற வகையாகவும், முனை மாற்றி இணைத்தாலும் எரியாததாகவும் இருக்க வேண்டும். 5 வோல்ட்டை மட்டுமே ஏற்கும் யுஎஸ்பி வழி மின்சாரத்தைக் களத்தில் நம்பக் கூடாது. வாகனத்தில் பொருத்துவதானால் இதுவும் போதாது: ஓடும் இயந்திரத்தில் பேட்டரி இணைப்பு திடீரென விடுபட்டால் எழும் ‘லோடு டம்ப்’ என்னும் எழுச்சி, 24 வோல்ட் வாகனத்தில், அடக்கும் அமைப்பு இல்லாத நிலையில், 150 வோல்ட்டுக்கும் மேல் செல்லும். ஐஎஸ்ஓ 16750-2, ஐஎஸ்ஓ 7637-2 ஆகிய தரங்களின்படி சோதிக்கப்பட்டதா என்று கேளுங்கள். ரயில் பெட்டிகளுக்கு ஈஎன் 50155 என்ற தனித் தரம் உள்ளது. நிலையான தொழிற்சாலைகளுக்கு ஐஇசி 61000-6-2 என்ற மின்காந்தத் தாங்குதிறன் தரம் அடிப்படைத் தேவை.

மின்சாரம் நின்றுபோகும்போது போர்டு ஒழுங்காக அணைந்து முடிக்க வேண்டும். 10 வாட் போர்டு அணைய 10 விநாடி ஆகும் என்றால் 100 ஜூல் ஆற்றல் கையிருப்பு வேண்டும். மிகப் பெரிய கொள்ளளவுள்ள மின்தேக்கிகளான சூப்பர் கெப்பாசிட்டர்களின் தொகுதியை 5 வோல்ட்டிலிருந்து 3 வோல்ட் வரை பயன்படுத்தினால், ஒவ்வொரு ஃபாரடும் 8 ஜூல் தரும், ஆக 12.5 ஃபாரடு தேவை. மாற்றியில் இழப்பும் காலப்போக்கில் வரும் தேய்வும் உண்டு என்பதால் 20 ஃபாரடு வைத்துக்கொள்வது நல்லது. வெப்பம் மிகுந்த பெட்டியில் லித்தியம் பேட்டரியை வைப்பதை விட இந்த வழியே எனக்கு நிம்மதி தருகிறது.

நான்காம் படி: அதிர்வைத் தாங்கும் பொருத்தம்

சலிப்பு இயந்திரம் ஒன்றில் பொருத்தியிருந்த போர்டு, ஏறத்தாழ மூன்று வாரத்துக்கு ஒருமுறை உறைந்துவிடும். நினைவகப் பட்டையைக் கழற்றி மாட்டினால் மீண்டும் ஓடும். ஒருமுறை கழற்றியபோது அதன் தங்க முலாம் பூசிய தொடுமுனைகளை விளக்கின் கீழ் பிடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு முனையிலும் ஊசி நுனி அளவு ஒரு கரிய புள்ளி இருந்தது, விரலால் தேய்த்தால் மையைப் போன்ற பொடி ஒட்டிக்கொண்டது. மெல்லிய அதிர்வில் தொடுமுனைகள் ஒன்றன்மேல் ஒன்று இடைவிடாது உரசி, முலாம் தேய்ந்து, அடியிலுள்ள உலோகம் ஆக்சைடாகி, மின்தொடர்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. துடைப்பது தீர்வாகாது. நினைவகம் நேரடியாகப் பலகையிலேயே பற்றவைக்கப்பட்ட போர்டுக்கு மாறிய பின்னரே அந்தத் தொல்லை தீர்ந்தது.

எனவே, அதிரும் இடத்துக்கு நினைவகமும் சேமிப்பகமும் பற்றவைக்கப்பட்ட போர்டையே தேர்ந்தெடுங்கள். யுஎஸ்பி, எச்டிஎம்ஐ, சாதாரண ஆர்ஜே-45 ஆகிய இணைப்பிகள் அதிர்வில் தளரும். திருகிப் பூட்டும் எம்12 வகையை நாடுங்கள். அதில் 100 மெகாபிட் ஈதர்நெட்டுக்கு டி-கோடு, கிகாபிட்டுக்கு எக்ஸ்-கோடு என்று தனித்தனி அமைப்புகள் உண்டு. ஒவ்வொரு கேபிளும் இணைப்பியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் பட்டை போட்டுக் கட்டப்பட வேண்டும். இல்லையென்றால் கேபிளின் எடை முழுவதும் பற்றவைப்பில் தொங்கும்.

ரப்பர் தாங்கிகளைப் போட்டுவிட்டால் அதிர்வு நின்றுவிடும் என்று எண்ணுவது புதியவர்கள் செய்யும் தவறுகளில் முக்கியமானது. எந்தத் தாங்கிக்கும் ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. இயந்திரத்தின் அதிர்வெண் அதைப்போல் 1.4 மடங்கைத் தாண்டினால்தான் தாங்கி அதிர்வைக் குறைக்கும். இயல்பு அதிர்வெண்ணுக்கு அருகில் இருந்தாலோ, அது அதிர்வைப் பன்மடங்கு பெருக்கித் தரும். அளந்து பார்க்க வசதி இல்லாதபோது, கூடுதல் தாங்கு தூண்களோடு போர்டை இறுக்கமாகப் பொருத்தி, பெட்டியை அதிராத ஒரு கம்பத்துக்கு மாற்றி, கேபிளை மட்டும் நீட்டிக்கொள்வது பாதுகாப்பானது.

விவரத்தாளில் மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவத் தரத்தின் பெயர் மட்டும் இருந்தால் அது எதையும் உறுதிசெய்யவில்லை. அந்த ஆவணம் பல சோதனை முறைகளின் தொகுப்பு. அதிர்வுக்கு 514, அதிர்ச்சிக்கு 516 என்ற முறை எண்களும், எந்த அளவில், எவ்வளவு நேரம், போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதா அணைந்த நிலையிலா என்ற விவரங்களும் வேண்டும். ஐஇசி 60068 தொகுதியிலும் அப்படித்தான். ‘தரத்துக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது’ என்ற சொற்களுக்கும் ‘சோதிக்கப்பட்டது’ என்ற சொல்லுக்கும் உள்ள தூரத்தைச் சோதனை அறிக்கையைக் கேட்டுத்தான் கடக்க முடியும்.

ஐந்தாம் படி: ஈரம், தூசி, வாயு

பெட்டி தூசியையும் நீரையும் எவ்வளவு தடுக்கும் என்பதைச் சொல்லும் ஐபி குறியீட்டின் முதல் எண் தூசிக்கும் இரண்டாவது எண் தண்ணீருக்கும் உரியது. ஐபி 65 என்றால் தூசி புகாது, பீச்சும் நீரைத் தாங்கும். ஐபி 67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கியிருந்தாலும் நீர் புகாது. இந்த எண் பெட்டிக்கு உரியது என்பதை மறக்கக் கூடாது. பெட்டியில் நீங்கள் துளைக்கும் ஒவ்வொரு ஓட்டையும், கேபிள் நுழையும் துளையை இறுக்கி அடைக்கும் கேபிள் கிளாண்டு சரியான அளவில் இல்லாத ஒவ்வொரு இடமும் அதைக் குறைத்துவிடும்.

இறுக மூடிய பெட்டியும் வியர்க்கும். பகலில் சூடாகும்போது உள்காற்று விரிந்து சிறு இடுக்குகளின் வழியே வெளியேறும். இரவில் குளிரும்போது ஈரக்காற்றை உள்ளிழுக்கும். அந்த ஈரம் குளிர்ந்த உலோகத்தின் மேல் துளிகளாகப் படியும். விவரத்தாளில் ஈரப்பதம் 95 சதவீதம் வரை என்றிருந்தாலும், அதன் அருகில் ‘நீர் படியாத நிலையில்’ என்ற சொற்கள் இருக்கும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு அடைப்பான் ஒன்றைப் பெட்டியில் பொருத்துங்கள். கேபிள்களைக் கீழ்ப்புறமிருந்து, ஒரு வளைவு தொங்கவிட்டு, உள்ளே கொண்டுவாருங்கள். போர்டுக்கு அக்ரிலிக், யூரித்தேன், பாரிலீன் போன்ற பாதுகாப்புப் பூச்சு ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

ரப்பர் ஆலை, காகித ஆலை, கழிவுநீர் நிலையம் போன்ற இடங்களில் கந்தக வாயு உண்டு. சாதாரண மின்தடைகளின் உள்ளே இருக்கும் வெள்ளி அந்த வாயுவோடு வினைபுரிந்து சல்பைடாக மாறி, மின்தடை முற்றிலும் அறுந்துபோகும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. இத்தகைய இடத்துக்குக் கந்தகம் தாங்கும் மின்தடைகள் கொண்ட போர்டு தேவை. சிலிக்கோன் பூச்சு கந்தக வாயுவை உள்ளே விட்டுவிடும் என்பதால் இங்கே அதை நம்ப வேண்டாம்.

ஆறாம் படி: சேமிப்பகம்

நுகர்வோர் எஸ்டி கார்டு எத்தனையோ பேரின் நள்ளிரவு உறக்கத்தைக் கெடுத்திருக்கிறது. அது ஏன் சாகிறது என்பதை ஒரு கணக்கால் காட்டுகிறேன். ஒரு நிரல் விநாடிக்கு ஒருமுறை 100 பைட் அளவீட்டை எழுதி, உடனே வட்டில் பதியச் சொல்கிறது என்று கொள்வோம். ஒரு நாளின் 86,400 விநாடிகளில் உண்மையான தரவு 8.6 மெகாபைட் மட்டுமே. ஆனால், கோப்பு முறைமையின் குறிப்பேடும் அட்டவணையும் சேர்ந்து ஒவ்வொரு முறையும் 16 கிலோபைட் எழுதப்படுமானால், நாளுக்கு 1.4 கிகாபைட் ஆகிறது. கார்டின் உள்ளே அழிக்கும் தொகுதிகள் மெகாபைட் அளவில் இருப்பதால், உண்மையான தேய்மானம் இதற்கும் பல மடங்கு. அதே தரவை நிமிடத்துக்கு ஒருமுறை சேர்த்து எழுதினால் எழுத்து வேலை பல பத்து மடங்கு குறையும். மின்சாரம் போனால் இழக்கப்படுவது அதிகபட்சம் ஒரு நிமிடத் தரவு. மேற்சொன்ன சூப்பர் கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் இழக்க வேண்டியதில்லை.

போர்டிலேயே பற்றவைத்த சேமிப்பகச் சில்லான இஎம்எம்சி, அல்லது மின்சாரம் திடீரென அறும்போது தரவைக் காக்கும் அமைப்புள்ள தொழில்துறை எஸ்எஸ்டி ஆகியவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நினைவகச் சிற்றறையில் ஒரு பிட் மட்டும் வைக்கும் எஸ்எல்சி வகை பல பத்தாயிரம் முறை அழித்தெழுதத் தாங்கும். மூன்று பிட் வைக்கும் டிஎல்சி வகை சில ஆயிரம் முறை தாங்கினாலே அதிகம். பல இஎம்எம்சி சில்லுகளை, கொள்ளளவைக் குறைத்துக்கொண்டு, எஸ்எல்சி போல் இயங்கும் ‘சூடோ எஸ்எல்சி’ நிலைக்கு மாற்றலாம். தேய்மானம் எத்தனை சதவீதம் என்பதை 5.0 பதிப்பு முதல் இஎம்எம்சி தானே சொல்லும். அந்த எண்ணை மாதம் ஒருமுறை படித்துப் பதிவுசெய்யும் சிறு நிரலை முதல் நாளிலேயே எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: போர்டின் அளவும் இணைப்புகளும்

இவ்வளவுக்கும் பிறகுதான் செயலியைப் பற்றிப் பேச வேண்டும். அதற்கு அதிக நேரமும் தேவையில்லை. உங்கள் நிரலை ஓட்டப் போதுமான செயலிகளுள் மிகக் குறைந்த வாட்டில் ஓடுவதே சிறந்தது. பிழை திருத்தும் நினைவக வசதி கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வடிவ அளவுகளில், 1992 முதல் வழங்கிவரும் பிசி/104 பலகை 90-க்கு 96 மில்லிமீட்டர். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் திருகிவிடலாம் என்பதால் அதிர்வுக்கு ஏற்றது. 146-க்கு 102 மில்லிமீட்டர் கொண்ட 3.5 அங்குலப் பலகையும், 100-க்கு 72 மில்லிமீட்டர் கொண்ட பிக்கோ-ஐடிஎக்ஸ் பலகையும் பல தயாரிப்பாளர்களிடம் கிடைப்பவை. அளவு ஒன்றாக இருந்தாலும் இணைப்பிகளின் இடம் ஒவ்வொருவரிடமும் மாறும் என்பதைப் பெட்டி செய்யக் கொடுப்பதற்கு முன் சரிபார்க்க வேண்டும்.

தொழிற்கருவிகளை இரு கம்பிகளில் இணைக்கும் ஆர்எஸ்-485 இணைப்பு 1200 மீட்டர் வரை செல்லும் என்பது குறைந்த வேகத்தில் மட்டும் உண்மை. வழியின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை வேண்டும். நடுவில் உள்ள கருவிகளில் வேண்டாம். இரு இடங்களின் எர்த் மட்டங்களுக்கு இடையே வேறுபாடு இருந்தால், கழித்தல் 7 முதல் 12 வோல்ட் வரை என்ற அதன் தாங்கு எல்லை எளிதில் தாண்டப்படும். ஆகவே கட்டடம் விட்டுக் கட்டடம் செல்லும் எந்த வழிக்கும் மின்தனிமை செய்யப்பட்ட, அதாவது இருபுறமும் நேரடி மின்தொடர்பு இல்லாமல் தகவல் மட்டும் கடக்கும் முனையே தேவை. மோட்டார் கேபிளும் தகவல் கேபிளும் ஒரே தட்டில் படுக்கக் கூடாது. குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும்.

போர்டு எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். சில சில்லுத் தயாரிப்பாளர்கள் 10, 15 ஆண்டு வழங்கல் உறுதி தருகிறார்கள். போர்டு தயாரிப்பாளர் அதே உறுதியைத் தருகிறாரா என்பது வேறு கேள்வி. பாகம் எதையாவது மாற்றினால் முன்கூட்டியே தெரிவிப்பாரா என்றும் கேளுங்கள்.

எட்டாம் படி: தானாக மீண்டெழும் மென்பொருள்

இயங்குதளம் இருக்கும் சேமிப்பகப் பகிர்வை (பார்ட்டிஷன்) படிப்பதற்கு மட்டும் என்ற நிலையில் வைத்து, மாறும் தரவுக்குத் தனிப் பகிர்வு ஒதுக்குங்கள். புதுப்பிப்புக்கு இரண்டு சமமான பகிர்வுகளை வைத்து, ஒன்றில் ஓடிக்கொண்டே மற்றொன்றில் எழுதி, தொடக்கம் தவறினால் பழையதற்குத் திரும்பும் முறை வேண்டும். ராக், எஸ்டபிள்யூ-அப்டேட், மெண்டர் ஆகிய திறமூலக் கருவிகள் இதற்காகவே உள்ளன. உறுதியான நேரத்துக்குள் பதில் தர வேண்டிய வேலையானால், லினக்ஸின் நிகழ்நேரத் திருத்தங்கள் 2024-இல் வந்த 6.12 பதிப்பிலிருந்து மூலக் கருவிலேயே (கெர்னல்) சேர்ந்துவிட்டன. நீண்ட காலப் பராமரிப்புக்கு, லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 2016-இல் தொடங்கிய சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம் திட்டம், தேர்ந்தெடுத்த கருப் பதிப்புகளைப் பத்தாண்டு காலம் காத்துவருகிறது.

போர்டைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் டைமரைப் பலர் இயக்கிவிடுகிறார்கள். ஆனால் தவறாக இயக்குகிறார்கள். குறிப்பிட்ட நேரத்துக்குள் ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற தட்டல் வராவிட்டால் போர்டை மறுதொடக்கம் செய்வது அதன் வேலை. அந்தத் தட்டலை எதையும் சரிபாராத ஒரு தனி நிரல் செய்துகொண்டிருந்தால், உங்கள் முக்கிய நிரல் செத்துக் கிடந்தாலும் வாட்ச்டாக் அமைதியாக இருக்கும். அளவீடு வந்ததா, கணக்கு முடிந்ததா, வெளியீடு போனதா என்று மூன்றையும் பார்த்த பிறகே தட்டும்படி எழுத வேண்டும்.

ஒன்பதாம் படி: பொருத்துவதற்கு முன் வதைத்துப் பார்த்தல்

உண்மையான பெட்டியில், உண்மையான கேபிள்களோடு, மூடியைப் பூட்டிச் சோதியுங்கள். முதலில், ஒரு ரிலேயின் மூலம் மின்சாரத்தை 90 விநாடிக்கு ஒருமுறை அறுத்து மீண்டும் கொடுங்கள். 1000 சுற்றுகள் 25 மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் அறுக்கும் கணம் சற்று மாறட்டும். அப்போதுதான் எழுதிக்கொண்டிருக்கும் நடுவிலும் அறும். ஆயிரத்தில் ஒருமுறை எழாமல் போனாலும் அதை விட்டுவிடாதீர்கள். களத்தில் அந்த ஒருமுறைதான் உங்களை அழைக்கும்.

அடுத்து, முதற்படியில் அளந்த உச்ச வெப்பநிலைக்கு மேல் இன்னும் 10 டிகிரி வைத்து, செயலிக்கு முழு வேலை கொடுத்து, இரண்டு நாள் ஓட்டுங்கள். குளிரான இடமானால், இரவு முழுவதும் அணைந்து உறைந்த போர்டு காலையில் எழுகிறதா என்பதும் முக்கியம். ஓடிக்கொண்டே குளிர்வதும், குளிர்ந்த பின் எழுவதும் ஒன்றல்ல. பிறகு வலைப்பின்னல் கேபிளைப் பிடுங்கி ஒரு நாள் கழித்து மாட்டுங்கள், சேமிப்பகத்தை முழுமையாக நிரப்புங்கள், கடிகாரத்தைத் தவறாக மாற்றி வையுங்கள். இவை ஒவ்வொன்றும் என்றாவது ஒருநாள் களத்தில் நடக்கக்கூடியவை.

பொருத்தும் நாளில் ஒவ்வொரு திருகாணியையும் முடுக்கிய பின், அதன் தலையிலிருந்து தகடு வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். மூன்று மாதம் கழித்துத் திறக்கும்போது கோடு உடைந்திருந்தால் திருகாணி தளர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையிலேயே தெரியும். அன்று கேபிளின் மேலுறை எங்காவது உரசித் தேய்ந்திருக்கிறதா, கிளாண்டின் அடியில் நீர்க்கறை உண்டா, வெப்பக் கடத்துப் பட்டை நழுவியிருக்கிறதா என்றும் பாருங்கள். போர்டு தானே பதிவுசெய்து வைத்திருக்கும் செயலியின் உச்ச வெப்பநிலையையும், மறுதொடக்க எண்ணிக்கையையும், சேமிப்பகத் தேய்மானத்தையும் எடுத்து, முதற்படியில் எழுதிய அதே தாளில் தேதியோடு குறித்து, அந்தத் தாளைப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிட்டு மூடுங்கள்.